மூன்றாவது கயிறு

வெறும் கயிறு பதில் சொன்னது.

அவள் அதை வேண்டுமென்றே இழுக்கவில்லை. கைப்பழக்கம். தரையில் வட்டமாகத் திறந்திருந்த தொட்டியின் வாய்க்கு மேலே இரும்பு முக்காலி ஒன்று நின்றது. அதன் வளையங்களிலிருந்து மூன்று கயிறுகள் இருட்டுக்குள் இறங்கின. மஞ்சள் கயிற்றின் மறுமுனையில் அவள் அண்ணன். நீலக் கயிற்றின் மறுமுனையில் அண்ணனோடு வேலை பார்க்கிற, எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிற நெட்டை மனிதர். வெள்ளைக் கயிற்றின் மறுமுனையில் ஆள் கிடையாது. மஞ்சளை ஒரு இழுப்பு இழுத்தாள்: எப்படி இருக்கே? கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது: நல்லா இருக்கேன். நீலத்தை இழுத்தாள். அதிலும் ஒன்று வந்தது. அடுத்து கை தானாக வெள்ளைக்குப் போய்விட்டது. இழுத்த பிறகுதான், அட, இதில் யாருமே இல்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு முடிவதற்குள் வெள்ளைக் கயிறு ஒரு முறை இழுபட்டது.

மெதுவாகத்தான். ஆனால் மற்ற இரண்டும் சுண்டிய உடனே தொய்ந்துபோன மாதிரி இது தொய்யவில்லை. பிடித்த கை விட மனசில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்துவிட்டு, பிறகுதான் விட்டது.

"அண்ணா! விளையாடுறியா?" குனிந்து தொட்டிக்குள் கத்தினாள். "அந்தக் கயித்தைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இல்லையா... இல்லையா..." என்றது தொட்டி. வேறு பதில் இல்லை. இருக்கவும் முடியாது. முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே பாதிதான் கேட்கும். தொட்டியோ கிணறு மாதிரி நேராக இறங்குவதில்லை. ஏணி போய் முடிகிற இடத்திலிருந்து பக்கவாட்டில் வளைந்து, கொட்டகையின் தரைக்கு அடியிலேயே நீண்டு போகிறது. ஆலையின் எல்லாக் கழிவு எண்ணெயும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. மேலேயிருந்து பார்த்தால் ஏணியின் சில படிகளும், அதற்குக் கீழே கறுப்பும் தெரியும். எப்போதாவது யாருடைய தலைவிளக்காவது அசையும்போது, வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சுவரில் ஒரு மங்கல் வெளிச்சம் வந்து போகும். அவ்வளவுதான்.

வெளியே பட்டப்பகல். கொட்டகையின் தகரக் கூரையில் வெயில் ஏறி, தகரம் அவ்வப்போது டக் டக்கென்று நெட்டி முறித்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஆலையை மொத்தமாக நிறுத்திப் பழுது பார்க்கிற வாரம் அது. எப்போதும் காதை அடைக்கிற பம்புகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. அந்த நிசப்தம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சத்தம் இருந்தால் சில விஷயங்கள் காதில் விழாமல் போகும். இப்போது எல்லாம் விழுந்தது: எங்கோ சொட்டுகிற குழாய், தூரத்தில் யாரோ இரும்பு தட்டுவது, தொட்டிக்குள்ளே சேற்றை வாருகிற மண்வெட்டியின் சப்சப் என்கிற ஈரச் சத்தம். அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை தொட்டி வாயிலிருந்து மேலே வந்துகொண்டே இருந்தது.

வெள்ளைக் கயிறு அவள் கேட்டு வாங்கியது. கேட்டு என்ன, சண்டை போட்டு வாங்கியது.

விதி அப்படித்தான் சொல்கிறது. தொட்டிக்குள் எத்தனை பேர் இறங்கினாலும், இன்னும் ஒரு ஆளுக்குத் தேவையான எல்லாமும் தயாராக இருக்க வேண்டும். ஒரு கயிறு, ஒரு பெல்ட், ஒரு காற்று சிலிண்டர், ஒரு மாஸ்க். எல்லாம் ஏணியடியிலேயே இருக்க வேண்டும், உள்ளே ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவன் எடுத்து மாட்டிவிட. இந்த ஆலையில் அந்தச் செட்டு இத்தனை காலமும் ஆபீஸ் வாசலில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, வருகிற பெரிய மனிதர்கள் பார்த்துத் தலையாட்டுவதற்காக. அன்று காலையில் அவள் சாவியைக் கேட்டபோது மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புதுசும்மா அது. சேறாயிடும்."

"உள்ளே போற ஆளுங்களும் புதுசாத்தான் பொறந்தாங்க சார்" என்றாள் இவள். அந்த வாய்க்காகவே வேலை போகும் என்று நினைத்தாள். சாவி வந்தது.

தன் கையாலேயே கயிற்றில் கட்டி இறக்கினாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், பாதுகாப்புப் பயிற்சியாளர் என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டவள், முழங்காலில் உட்கார்ந்து, ஒரு காலி ஆளைத் தொட்டிக்குள் இறக்கிவைத்தாள். இறக்கும்போது திருப்தியாகக்கூட இருந்தது.

ஆட்கள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி அறையில் மட்டும் ஏசி ஓடும் என்பதால் அவள் வகுப்புக்கு நல்ல கூட்டம். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேருக்குக் கயிற்றுப் பாடம் நடக்கும். ஒரு இழுப்பு, நல்லா இருக்கேன். இரண்டு, கயிறு விடு. மூன்று, தூக்கு. மேலேயிருந்து நான்கு வந்தால், எல்லாத்தையும் போட்டுட்டு வெளியே வா. வெளியே நிற்கிற காவல் ஆள் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக்கூடாது, தன் சொந்தக்காரனே உள்ளே விழுந்து கிடந்தாலும். விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவன் பெயரை மட்டும் எந்தப் பக்கத்திலும் போட மாட்டார்கள் என்று அவள் வகுப்பில் சொல்வாள். அதைக் கேட்டால் தூங்குகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் கண்ணைத் திறப்பார்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிப்பாள், அதையே திரும்பச் சொல்ல வைப்பாள்: "உன் கயிறுதான் உன் உயிர். சாகப் போனாலும் அடுத்தவன் கயித்தைத் தொடாதே."

ஏனென்றால் அங்கேதான் இவர்கள் கோட்டை விடுவார்கள். உள்ளே கயிறு காலில் சிக்கும், மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும். வேலை ஓடாது. வேலை ஓடாவிட்டால் காண்ட்ராக்டர் திட்டுவார். அதனால் ஏணியடிக்குப் போனதும் எல்லோரும் கொக்கியைக் கழற்றி ஏணியில் மாட்டிவிடுவார்கள். ஏணிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன் எல்லாக் கயிற்றுக்கும் தானே பதில் சொல்லிவிடுவான். மேலே நிற்பவனுக்கு எல்லாரும் நல்லா இருக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக இதுதான் வழக்கம் என்று ஒட்டகம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னபோது, அவள் அவர் மேல் சாக்பீஸை விட்டெறிந்தாள்.

"நான் கழட்ட மாட்டேன், போதுமா?" என்று அன்று காலையில் அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். "உன்னைப் படிக்க வெச்சது எனக்கே கயிறு கட்டி விடுறதுக்கு. மாடு மாதிரி. இது தெரிஞ்சிருந்தா அஞ்சாங்கிளாசோட நிறுத்தியிருப்பேன்."

"நீ அஞ்சாங்கிளாசைத் தாண்டியிருந்தா இந்தக் கயிறே தேவைப்பட்டிருக்காது" என்றாள் அவள். அண்ணன் சிரித்தான். மாஸ்க்கை மாட்டிய பிறகும் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அவன் இந்த மாதிரித் தொட்டிகளுக்குள் இறங்கி இறங்கித்தான் அவளைப் படிக்க வைத்தான். அப்பா போன பிறகு வீட்டில் ஆண் துணை என்று இருந்தது அவன் ஒருவன்தான்.

மறுபடியும் சோதிக்கும் நேரம் வந்தது. மஞ்சளை இழுத்தாள். ஒன்று. நீலத்தை இழுத்தாள். ஒன்று. வெள்ளையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளை தானாக இழுபட்டது. ஒன்று. பிடித்திருந்து, விட்டது.

கேட்காமலே வந்த பதில்.

காற்று, என்று சொல்லிக்கொண்டாள். தொட்டிக்குள் ஏது காற்று? சேற்றில் சிலிண்டர் புதைகிறது, அதனால் கயிறு இழுபடுகிறது. அப்படித்தான் இருக்கும். படித்த மூளை காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போனது. முதுகு மட்டும் எதையும் நம்பாமல் சில்லிட்டுக்கொண்டிருந்தது.

அவள் மஞ்சளை மறுபடி இழுத்தாள். பதில் வந்தது. இந்த முறை கயிற்றை உள்ளங்கையில் தளர்வாக வைத்து, நாடி பார்க்கிற மாதிரி கவனித்தாள். ஒரு இழுப்பு. பிறகு அந்தச் சின்னப் பிடி. பிறகு விடுதல். நீலம். ஒரு இழுப்பு. பிடி. விடுதல்.

மூன்றிலும் ஒரே கை.

அண்ணனுடைய இழுப்பு அவளுக்குத் தெரியும். வெடுக்கென்று, கயிற்றைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும். இது அவன் இல்லை. ஒட்டகமும் இல்லை. அப்படியென்றால் சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டுக் கழற்றி மாட்டிவிட்டான்கள். யாரோ ஒருவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். கோபம் வந்தது. கோபம் வந்ததில் அவளுக்கு ஆறுதல்கூட வந்தது. ஒட்டகமாகத்தான் இருக்கும், ஏணிக்கிட்டே அவர்தான் நிற்கிறார் போல. வெளியே வரட்டும், இருக்கு.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் சப், சப், சப் என்று மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இரண்டு மண்வெட்டிகள். ஒன்று விழும்போது இன்னொன்று எழுகிறது. இரண்டும் தூரத்தில். ஏணியடியிலிருந்து வெகு தூரத்தில்.

அவள் கையில் மஞ்சள் கயிறு ஒரு முறை இழுபட்டது.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். சூப்பர்வைசர் சாப்பாட்டு வாயோடு பேசினார்.

"என்னம்மா, கேஸ் மீட்டர் ஏதாவது கத்துதா?"

"இல்ல சார். கயித்துல பதில் சரியில்ல."

"வரலையா?"

"வருது."

"எல்லாத்துலயும் வருதா?"

"வரக்கூடாததுலயும் வருது சார்."

கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் வந்தது. "பதில் வரலைன்னா பயப்படணும். பதில் வருதுன்னு பயப்படுற ஒரே ஆளு நீதாம்மா. சாயங்காலத்துக்குள்ள தொட்டியை மூடணும். சும்மா வேலையை நிறுத்திக்கிட்டு இருக்காதே."

இணைப்பு போய்விட்டது. பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பினாள். அவள் காலடியில் சுருட்டி வைத்திருந்த வெள்ளைக் கயிற்றின் மிச்சம் ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்து, தரையில் ஊர்ந்து, முக்காலியில் ஆளைத் தூக்குகிற கைச்சக்கரமான வின்ச்சைத் தாண்டித் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். யாரோ அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே, வளைவைத் தாண்டி, இன்னும் உள்ளே நடந்து போகிற மாதிரி. பிடிக்கத் தோன்றவில்லை. வின்ச்சின் பல்லில் மாட்டி அதுவாகவே நின்றபோது சுருளில் ஒன்றுமே மிச்சமில்லை.

அவள் மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துப் பிடித்து நான்கு முறை இழுத்தாள். வெளியே வா.

ஒன்று, என்றன இரண்டும். நல்லா இருக்கேன்.

நான்கு.

ஒன்று.

"அண்ணா! வெளியே வா! வேலை போதும், வா!"

மண்வெட்டிச் சத்தம் நின்றது. இரண்டில் ஒன்றா, இரண்டுமா, தெரியவில்லை. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து விசில் கேட்டது. உயிரை வாங்குகிற, கிறீச்சென்ற ஒற்றை விசில். சிலிண்டரில் கடைசிக் காற்று மட்டும் மிச்சமிருக்கும்போது அதுவாகக் கத்துகிற விசில் அது. அதற்குப் பிறகு ஏணி வரைக்கும் நடந்து ஏறி வரத்தான் காற்று இருக்கும், நின்று யோசிக்க இருக்காது.

விசில் நெருங்கியது. நீலக் கயிறு ஆடியது. ஏணிப் படியில் பூட்ஸ் சத்தம். கறுப்பாக ஒரு தலை வாயில் தெரிந்தபோது அவள் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். ஒட்டகம். வெளியே விழுந்து, மாஸ்க்கைக் கழற்றி எறிந்து, கொட்டகைக் காற்றைக் குடிக்கிற மாதிரி இழுத்தார். அவர் மார்பில் தொங்கிய காற்று மீட்டரின் முள் சிவப்பில் கிடந்தது.

"அண்ணன் எங்கே?"

"பின்னாடி... கடைசி மூலையில. அங்க சேறு இடுப்பளவு. அவன் லைட்டு வேற அவிஞ்சிருச்சு." இருமினார். "எனக்கு விசில் வந்துச்சு. வாடான்னேன். நீ போ, வரேன்னான்."

"கயிறு?"

ஒட்டகம் அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணே, கயிறு?"

"கழட்டி மாட்டிட்டோம் டீச்சர். திட்டாதே. அதான் நீயே ஏணிகிட்ட ஒரு ஆளை நிறுத்தியிருந்தியே, அவன் பாத்துக்குவான்னுதான்..."

தகரக் கூரை டக்கென்றது.

"எந்த ஆளு?"

"நீ அனுப்புனவன்தான். புது பெல்ட்டு, புது சிலிண்டரு போட்டுக்கிட்டு. நாங்க இறங்குறதுக்கு முன்னாடியே இறங்குனான் போல. மண்வெட்டியைத் தொடல, பேசல. ஏணியடியிலயே நின்னுக்கிட்டு எங்க கயித்துக்கெல்லாம் அவன்தான் பதில் சொல்லிட்டிருந்தான். படிச்ச ஆளு போலருக்கு, டீச்சர் தங்கமான ஆளா அனுப்பியிருக்குன்னு உங்கண்ணன்கூடக் கிண்டல் பண்ணான்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்த ஒட்டகத்தின் முகம் மாறியது.

"நான் யாரையும் அனுப்பலைண்ணே."

அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கையுறையிலிருந்து சேறு சொட்டியது. "இப்பக்கூட... நான் வர்றப்ப அவன்தான் கொக்கியை எடுத்து என் கையில குடுத்தான். குடுத்துட்டு..." நிறுத்தினார். "குடுத்துட்டு கையை விடல தங்கச்சி. கொஞ்ச நேரம் விடவே இல்ல."

டீச்சர் தங்கச்சியாகிவிட்டாள். அதுதான் அவளை உலுக்கியது.

"ஓடுங்கண்ணே. மெயின் கேட்டுக்கு. ஃபயர் வண்டி ஆளுங்களைச் சிலிண்டரோட கூட்டிட்டு வாங்க. ஓடுங்க!"

அவர் ஓடினார். விழுந்து, எழுந்து, ஓடினார். பூட்ஸ் சத்தம் கொட்டகையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டித் தேய்ந்தது. அவள் தனியாக நின்றாள். சிலிண்டர் இல்லை, மாஸ்க் இல்லை. இருந்த ஒரே உபரி செட்டைக் காலையில் அவளேதான் கீழே இறக்கியிருந்தாள்.

விசில் ஆரம்பித்தது.

தூரத்திலிருந்து. அடி ஆழத்திலிருந்து. ஒட்டகத்தோடு ஒரே நேரத்தில் இறங்கியவன். அவனுடைய காற்றும் முடிகிறது.

"அண்ணா! ஏணிக்கு வா! சத்தம் வர்ற பக்கம் வா!"

வெள்ளைக் கயிறு விறைத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

தூக்கு.

அவள் பின்னால் நகர்ந்தாள். மறுபடி மூன்று. இந்த முறை முக்காலி அதிர்ந்தது. காலையிலிருந்து பொய் சொன்ன கயிறு. ஆளே இல்லாத கயிறு. இப்போது மேலே வரவேண்டும் என்கிறது.

அதே நேரத்தில் மஞ்சளும் இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

தூக்கு.

இரண்டு கயிறு. ஒரே ஒரு வின்ச். வெறும் கையால் ஒரு ஆளைத் தூக்க அவளால் முடியாது; யாராலும் முடியாது. விதிப்படி வின்ச்சில் ஏறியிருந்தது வெள்ளைதான். உபரி ஆளின் கயிறு.

யோசி. யோசி. அண்ணன் ஏணிக்கு வந்திருப்பான். இருட்டில் தடவி, தன் கயிற்றைத் தேடி, கொக்கியை மாட்டியிருப்பான். மாட்டியதும் மூன்று முறை இழுப்பான். அதைத்தானே அவள் நூறு தடவை சொல்ல வைத்தாள்? உன் கயிறுதான் உன் உயிர். சாகப் போனாலும் அடுத்தவன் கயித்தைத் தொடாதே. அவன் சத்தியத்தை மீறலாம். ஆனால் உயிர் போகிற நேரத்தில் தங்கச்சி சொன்ன பாடத்தை மறக்க மாட்டான்.

மஞ்சள் அண்ணன். வெள்ளை... வெள்ளை அது.

வெள்ளை பைத்தியம் பிடித்த மாதிரி இழுத்தது. மூன்று. மூன்று. மூன்று. நடுவில் நிற்காமல், வெடுக் வெடுக்கென்று.

அவள் வின்ச்சின் பூட்டைத் தட்டிவிட்டாள். வெள்ளைக் கயிற்றைச் சக்கரத்திலிருந்து கழற்றினாள். முக்காலியின் காலில் கட்டி வைக்கலாம். கட்டவில்லை. அதன் முனையை மேலே வைத்துக்கொள்ளவே அவளுக்கு உடம்பு கூசியது. கையை விரித்தாள். கயிறு சரசரவென்று ஓடி, வாயின் விளிம்பில் ஒரு தரம் துள்ளி, இருட்டுக்குள் போனது. கீழே சேற்றில் விழுந்த சத்தம் கேட்டது.

மஞ்சளைச் சக்கரத்தில் ஏற்றினாள். கைப்பிடியைச் சுற்றினாள். கனம் ஏறியது. ஆளின் கனம். ஐயோ, நல்ல கனம். "வந்துட்டேண்ணா, வந்துட்டேன், கையை விடாதே" என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள். தோள் எரிந்தது. கண்ணில் வியர்வை வழிந்தது. அழுதாளா, தெரியவில்லை. சுற்றினாள்.

தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. தொட்டிக்குள் முங்கி எழுந்த மாதிரி உச்சிமுதல் எண்ணெய்ச் சேறு. பெல்ட்டைப் பிடித்துச் சாய்த்து விளிம்பில் உட்கார வைத்தாள். கால்கள் உள்ளேயே தொங்கின. அவன் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கவில்லை. இருமவில்லை.

"மாஸ்க்கைக் கழட்டு. அண்ணா, கழட்டு!"

அசையவில்லை. மயக்கம். மயக்கமாகத்தான் இருக்கும். மாஸ்க்கின் கண்ணாடி கறுப்பாக இருந்தது. தன் துப்பட்டாவின் நுனியால் அழுத்தித் துடைத்தாள். துணியில் சேறு வந்தது. கண்ணாடி மின்னியது. கறுப்பு போகவில்லை.

கறுப்பு உள்ளே இருந்தது. கண்ணாடியின் உட்பக்கம், விளிம்பு வரை, நிறைந்து.

அவள் பார்வை கீழே இறங்கியது. வேண்டாம் என்று நினைத்தாள். இறங்கியது. பெல்ட் புதுசு. அலமாரியில் மடித்து வைத்திருந்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அவ்வளவு சேற்றுக்கு நடுவே அதில் ஒரு கறை இல்லை. மார்பில் காற்று மீட்டர் தொங்கியது. முள் பச்சையின் கடைசிக் கோட்டில் நின்றது.

முழுசாக.

அந்தச் சிலிண்டரிலிருந்து ஒரு மூச்சுகூட யாரும் எடுத்திருக்கவில்லை.

கீழே விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

தூரத்தில். இருட்டில். அதே இடத்தில். வெள்ளைக் கயிறு போய்ச் சேர்ந்த இடத்தில்.

அவள் எழ முயன்றாள். வின்ச்சின் கைப்பிடி மேல் இருந்த அவள் கையை ஒரு கையுறை மூடியிருந்தது. ஈரமாக. குளிர்ச்சியாக. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசில் மெலிந்தது. நூலானது. ஒரு முறை திக்கியது.

நின்றது.

கையுறை அவள் கையை ஒரு முறை, மெதுவாக, தன் பக்கம் இழுத்தது.

விடவில்லை.